கடலுக்குப் போகும் வயரும் மலிவான குறடும்

பத்திரிகையாளன் ஒருவன் குறட்டைப் பற்றி எழுதுவதா என்று வாசகர்களில் சிலர் வியப்படையக்கூடும். மூன்று தசாப்தங்களாகப் போரையும் சமாதானப் பேச்சுவார்த்தைகளையும் தேர்தல்களையும் பற்றியே எழுதிவந்திருக்கின்ற எனக்கு மின் இணைப்பு வேலைகளைப் பற்றிப் பேசுவதற்கு எந்தத் தகைமையும் கிடையாது. பல்கலைக்கழகத்தில் நான் படித்தது கலைப்பீடத்தில். வீட்டில் மின்குமிழை மாற்றுவதற்கு மேல் எதையும் செய்யத் துணிந்ததில்லை. இருந்தாலும், கடந்த மாதம் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு இதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது என்று மனதில் பட்டது. ஏனென்றால், அந்தச் சம்பவத்தில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

எனது பாடசாலைத் தோழர் ஒருவர் மயிலிட்டியைச் சேர்ந்த கடற்றொழிலாளி. 1990 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்த குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. 27 வருடங்கள் வேறு ஊர்களின் கரைகளில் நின்று தொழில் செய்துவிட்டு, 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பின்னரே சொந்தக் கரையிலிருந்து மீண்டும் கடலுக்குப் போகத் தொடங்கினார். அவரிடம் இருப்பது 18 அடி நீளமான கண்ணாடியிழைப் படகு. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம். கயிற்றை இழுத்து இயக்குகின்ற இயந்திரம் என்பதால் அதற்குப் பற்றறி தேவையில்லை. ஆனால், விளக்குக்கும் ஜிபிஎஸ் கருவிக்கும் கையடக்கத் தொலைபேசிக்கு மின்னேற்றுவதற்கும் 12 வோல்ற்றுப் பற்றறி ஒன்று படகில் இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் நான் கொழும்பில் இருந்தபோது அவர் தொலைபேசியில் அழைத்தார். "மச்சான், வரேக்கை வயருக்கு லக் அடிக்கிற குறடொண்டு வாங்கிக்கொண்டு வா. இஞ்சை விலை கூடவாக் கிடக்கு" என்றார். நானும் புறக்கோட்டை நடைபாதையில் ஒரு குறட்டை வாங்கினேன். அதனுடன் சிவப்பு, நீலம், மஞ்சள் நிறங்களில் நூறு லக்குகள் கொண்ட ஒரு பெட்டியும் சேர்த்துத் தந்தார்கள். எல்லாமாக ஆயிரம் ரூபாவுக்கும் குறைவு. பேரம் பேசி மேலும் நூறு ரூபாவைக் குறைத்ததில் எனக்கு ஒரு பெருமை வேறு. தோழரும் மகிழ்ச்சியடைந்தார். படகின் வயர்கள் முழுவதையும் அந்தக் குறட்டினாலேயே இணைத்தார்.

கடந்த மாதம் ஓர் இரவு, கரையிலிருந்து வெகுதூரத்தில் வலையை விட்டுவிட்டு இருந்த வேளையில் விளக்கு அணைந்தது. ஜிபிஎஸ் கருவியும் அணைந்தது. படகில் அவரும் 19 வயதான மகனும். நிலவில்லாத இரவு. அந்தக் கடற்பரப்பில் இரவுவேளைகளில் இந்திய இழுவைப் படகுகள் நடமாடுவதை வாசகர்கள் அறிவார்கள். அந்தப் பிரச்சினையின் அரசியல் குறித்து நானும் பல தடவைகள் எழுதியிருக்கிறேன். அதை இங்கு விட்டுவிடுவோம். இருட்டில் மிதக்கின்ற 18 அடிப் படகு ஒன்றை, அதைப் போன்று பல மடங்கு பெரிய படகொன்றைச் செலுத்தி வருபவரால் காண முடியாது என்பது மாத்திரமே இங்கு முக்கியம். தகப்பனும் மகனும் மாறி மாறிக் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை உயர்த்திப் பிடித்தபடி விடியும்வரை இருந்திருக்கிறார்கள். ஒரு தடவை இயந்திரச் சத்தம் மிக அருகில் கேட்டதாகவும் பின்னர் விலகிச் சென்றதாகவும் மகன் சொன்னான். காலையில் இருவரும் பத்திரமாகக் கரைசேர்ந்தார்கள். அதனால் அது பத்திரிகைச் செய்தியாகவில்லை.

மறுநாள் நான் அங்கு போனேன். பற்றறியிலிருந்து விளக்குக்குப் போகும் வயரைத் தோழர் என்னிடம் காட்டினார். லக்கினுள் இருக்கவேண்டிய வயர் கழன்று தனியாகத் தொங்கியது. அதன் செப்பிழைகளில் பாதி அறுந்திருந்தன. மீதி பச்சைக் களிம்பு பிடித்துக் கறுத்துப் போயிருந்தன. பற்றறியில் ஒரு குறையும் இல்லை. விளக்கிலும் ஜிபிஎஸ் கருவியிலும் குறையில்லை. குறை அந்த ஒரு விரற்கடை நீளமான இணைப்பிலேயே இருந்தது. அந்த இணைப்பைச் செய்த குறட்டை வாங்கிக் கொடுத்தவன் நான்.

தோழர் என்னைக் குறைசொல்லவில்லை. "உதுக்கென்ன, முந்தி நாங்கள் வயரைக் கையாலை முறுக்கிப்போட்டுத்தானே கடலுக்குப் போனனாங்கள்" என்றுதான் சொன்னார். அந்த வார்த்தைகளே என்னைக் கூடுதலாகச் சிந்திக்க வைத்தன.

முறுக்கிப் பழகிய கைகள்

அவர் சொன்னது உண்மை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையின் கீழ் குடாநாட்டுக்கு வரக்கூடாத பொருட்களில் பற்றறியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. அந்த டைனமோவையும் வானொலியையும் இணைத்த வயரைக் கையால் முறுக்கித்தான் பொருத்தினோம். சுற்றுவதற்கு ஒட்டுநாடா கிடைக்காதபோது பொலித்தீன் துண்டைச் சுற்றி நூலால் கட்டினோம். பத்திரிகைகள் கூட கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாள்களில் அச்சாகின. உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றுவது அன்று வெறும் சிக்கனம் அல்ல. உயிர் வாழ்வதற்கான வழி. அதைப் பற்றி நாம் பெருமைப்படுவதில் தவறில்லை.

ஆனால், வீட்டுத் திண்ணையில் வானொலிக்கு முறுக்கிய வயர் கழன்றால் செய்தி நின்றுபோகும், மீண்டும் முறுக்கலாம். கடலில் அப்படியல்ல. படகு ஒவ்வொரு அலையிலும் அடிபடுகிறது. இயந்திரத்தின் அதிர்வு ஒரு கணமும் ஓய்வதில்லை. உப்புக் காற்றும் உப்புநீரும் செப்பைத் தின்கின்றன. முறுக்கிய வயர் இந்த மூன்றுக்கும் ஈடுகொடுப்பதில்லை. தடையின் காலத்தில் எம்மைக் காப்பாற்றிய ஒரு பழக்கம், தடை நீங்கி இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எமது பிள்ளைகளை இருட்டில் விடுமானால் அதைக் கைவிடுவதற்கு நாம் தயங்கக்கூடாது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு படகு மின்வேலைகளில் அனுபவமுள்ள இருவருடன் நீண்டநேரம் கதைத்தேன். ஒருவர் பலநாட் கலங்களில் வேலைசெய்த திருத்துநர். மற்றவர் வெளிநாடொன்றில் படகுத்தளத்தில் பணியாற்றும் உறவினர். கிடைத்த நூல்களையும் நியமங்களையும் வாசித்தேன். அவற்றிலிருந்து நான் விளங்கிக்கொண்டதை, என்னைப் போலவே இது பற்றி எதுவும் அறியாத வாசகர்களுக்குச் சொல்ல முயல்கிறேன்.

நெரித்தல் என்பது என்ன?

வயரின் செப்பிழைகளை ஒரு சிறிய உலோகக் குழலினுள் செலுத்தி, அந்தக் குழலை அவற்றின்மேல் நெரித்துப் பிணைப்பதையே கிறிம்பிங் என்கிறார்கள். அந்தக் குழலையும் அதன் நுனியில் இருக்கும் வளையத்தையும் சேர்த்து எமது கடைகளில் லக் என்பார்கள். சரியான அளவில், சரியான அழுத்தத்தில் நெரித்தால் இழைகளும் குழலும் இடைவெளி இல்லாமல் இறுகி ஒரே உலோகத் துண்டைப் போன்று ஆகிவிடுகின்றன. அதற்குள் காற்றும் உப்புநீரும் நுழைய இடமில்லை.

அழுத்தம் போதாமல் போனால் உள்ளே இடைவெளி இருக்கும். அதனூடாக ஈரம் புகுந்து களிம்பு பிடிக்கும். அழுத்தம் மிகையாகிப் போனால் இழைகள் வெட்டுண்டு போகும். இரண்டுமே வெளிப்பார்வைக்கு நல்ல இணைப்பாகத்தான் தெரியும். நான் வாங்கிக் கொடுத்த குறடு இந்த இரண்டு குற்றங்களையும் ஒரே படகில் செய்திருந்தது. சில லக்குகளிலிருந்து வயரைச் சும்மா இழுத்தவுடனேயே கழற்ற முடிந்தது. சிலவற்றில் இழைகள் பாதிக்குமேல் நறுக்கப்பட்டிருந்தன.

களிம்பு பிடித்த இணைப்பு வெளிச்சத்தை மாத்திரம் குறைப்பதில்லை. ஓர் இணைப்பில் பத்திலொரு ஓம் அளவுக்குத் தடை ஏற்பட்டு அதனூடாக 10 அம்பியர் மின்னோட்டம் செல்லுமானால், 12 வோல்ற்றில் ஒரு வோல்ற்று அந்த இடத்திலேயே தொலைந்துவிடும். அத்துடன் கடலை மணி அளவான அந்த இடத்தில் 10 வாற்று வெப்பம் பிறக்கும். மின்னோட்டம் கூடாத காரணத்தால் பியூஸ் எரியாது. எரிபொருள் கலன் இருக்கின்ற படகில் இதன் அர்த்தம் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை.

"ஈயம் பிடித்தால் உறுதி" என்று பலர் நம்புகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். உருகிய ஈயம் இழைகளுக்கிடையே ஏறி, வளையவேண்டிய வயரைக் கம்பியைப் போல விறைப்பாக்கிவிடுகிறது. விறைப்பான பகுதி முடிந்து மென்மையான பகுதி தொடங்குகின்ற இடத்தில், அதிர்வு காரணமாக இழைகள் ஒவ்வொன்றாக முறியும். அமெரிக்காவில் படகுகளுக்கான பாதுகாப்பு நியமங்களை வகுக்கும் ஏபிவைசி என்ற மன்றம், அதன் ஈ-11 நியமத்தில், பற்றறி லக் போன்ற ஒரு விதிவிலக்கைத் தவிர, ஈயப்பற்று மாத்திரமே ஓர் இணைப்பின் பிடிமானமாக இருக்கக்கூடாது என்று சொல்கிறது. ஈயம் பிடித்த வயரை லக்கினுள் வைத்து நெரிப்பதும் தவறு. அழுத்தத்தின் கீழ் ஈயம் மெதுவாக வழுகி விலகுவதால் இறுக்கமான இணைப்பு நாளடைவில் தளர்ந்துவிடுகிறது.

எந்தக் குறடு?

சந்தையில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வீட்டில் உள்ள சாதாரணக் குறடும் சுத்தியலும். இவற்றால் லக்கைத் தட்டையாக்க முடியும், நெரிக்க முடியாது.

இரண்டாவது, மெல்லிய தகட்டில் செய்யப்பட்டு, வயரைச் சீவவும் வெட்டவும் நெரிக்கவும் என்று எல்லாவற்றுக்குமாக விற்கப்படுகின்ற குறடு. நான் வாங்கியது இந்த வகை. எவ்வளவு அழுத்தினால் போதும் என்பதை அது சொல்வதில்லை. காலையில் உற்சாகமாக இருக்கும் கை ஒரு விதமாக அழுத்தும். மாலையில் களைத்த கை வேறு விதமாக அழுத்தும். அழுத்தும்போது தகடே வளைந்து கொடுப்பதையும் காணலாம்.

மூன்றாவது, ரச்செற் குறடு. இதனுள் ஒரு பல்லமைப்பு இருக்கிறது. அழுத்தத் தொடங்கினால், முழுமையாக நெரித்து முடியும்வரை வாய் மீண்டும் திறக்காது. களைத்த கையாக இருந்தாலும் அரைகுறையாக விட முடியாது. படகு வேலைக்கு வாங்கவேண்டியது இதைத்தான் என்பதில் நான் கேட்ட இருவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. இதிலும் மிக உயர்ந்த விலையில் தொழிற்சாலைகளுக்கான கருவிகள் இருக்கின்றன. எமக்கு அவை தேவையில்லை. நடுத்தர விலையில் கிடைக்கும், வாயில் உள்ள அச்சுக்களைக் கழற்றி மாற்றக்கூடிய ஒரு ரச்செற் குறடு போதுமானது.

நான்காவது, பற்றறியின் தடித்த வயர்களுக்கான பெரிய லக்குகளை நெரிக்கும் நீரழுத்தக் கருவி. கயிறிழுத்து இயக்கும் இயந்திரமுள்ள சிறிய படகுக்கு இது அவசியமில்லை. தடித்த வயர் தேவைப்படுபவர்கள் அத்தகைய கருவி உள்ள ஒரு திருத்துநரிடம் கொடுத்துச் செய்விப்பது மேல்.

ரச்செற் குறடு என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் முடியாது. அதன் வாயில் உள்ள அச்சு எந்த வகை லக்குக்கானது என்பதைப் பார்க்கவேண்டும். நிறப் பிளாஸ்ரிக் உறையுள்ள லக்குக்கு ஓர் அச்சு. உறையில்லாத வெறும் லக்குக்கு வேறோர் அச்சு. வாகனங்களில் பயன்படுத்தும் திறந்த லக்குக்கு இன்னுமோர் அச்சு. ஒன்றுக்கு உரியதை மற்றதற்குப் பயன்படுத்தினால் விலையுயர்ந்த குறடும் எனது நடைபாதைக் குறட்டைப் போன்றதுதான். சூடுகாட்டினால் சுருங்கி, உள்ளே பசை உருகி, வயரை நீர்புகாதபடி மூடிக்கொள்ளும் உறையுள்ள லக்குகள் கடலுக்கு மிகவும் உகந்தவை. அவற்றுக்கு உறையைக் கிழிக்காத, கூர்மையில்லாத அச்சு வேண்டும். உறை ஓர் இடத்தில் துளைபட்டாலும் உப்புநீர் வழி கண்டுபிடித்துவிடும்.

நிறங்கள் அலங்காரத்துக்கானவை அல்ல. சிவப்பு ஏறத்தாழ 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீற்றர் வரையான வயருக்கு, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை. குறட்டின் வாயிலும் இதே நிறங்களில் புள்ளியோ அல்லது இந்த எண்களோ குறிக்கப்பட்டிருக்கும். சிறிய வயரை மஞ்சள் லக்கினுள் மடித்துத் திணிப்பதும், பெரிய வயரின் இழைகளில் சிலவற்றை நறுக்கிவிட்டு நீல லக்கினுள் நுழைப்பதும் எமது கரைகளில் நான் கண்ட காட்சிகள். கடையில் நின்ற நிறத்தை வாங்கிவந்து கையிலிருந்த வயருக்குப் பொருத்தப் பார்த்ததன் விளைவு அது.

வாங்கப் போகும்போது படகில் பயன்படுத்தும் வயரில் ஒரு முழத்தையும் சில லக்குகளையும் கொண்டுபோவது நல்லது. கடைக்காரரின் அனுமதியோடு இரண்டு மூன்று லக்குகளை நெரித்துப் பார்க்கலாம். வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரண்டு அச்சுக்களும் நேராகச் சந்திக்கின்றனவா என்பது தெரியும். நெரித்த லக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து வாளால் குறுக்கே அறுத்தால், இழைகள் தேன்கூட்டைப் போன்று இடைவெளியில்லாமல் நெருங்கி நிற்கவேண்டும். தனித்தனி வட்டங்களாக இழைகள் தெரிந்தால் அந்தக் குறடு உதவாது.

இழுத்துப் பார்ப்பது எல்லாவற்றிலும் எளிதான சோதனை. அதே ஈ-11 நியமத்தின்படி, ஏறத்தாழ 2 சதுர மில்லிமீற்றர் வயரின் இணைப்பு 30 இறாத்தல், அதாவது 14 கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான இழுவையை ஒரு நிமிடம் தாங்கவேண்டும். தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோகிராம். 14 லீற்றர் தண்ணீர் நிரப்பிய கலனைக் கட்டித் தொங்கவிட்டு ஒரு நிமிடம் எண்ணினால் சோதனை முடிந்தது. இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. நானும் தோழரும் எனது பழைய குறட்டினால் நெரித்த ஐந்து இணைப்புகளை அவ்வாறு தொங்கவிட்டோம். ஒன்றுகூட நிற்கவில்லை.

வயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எவ்வளவு நல்ல குறட்டினாலும் கெட்ட வயரைக் காப்பாற்ற முடியாது. படகுக்கு உரியது மெல்லிய இழைகள் பலவற்றாலான, வெள்ளீயம் பூசிய செப்பு வயர். சுவருக்குள் பதிக்கும் தடித்த கம்பி அல்ல. சந்தையில் அலுமினியத்தின்மேல் செப்புப் பூசிய மலிவான வயரும் கிடைக்கிறது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பார்க்கவேண்டும். வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செப்பு. வெளியே சிவப்பாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருந்தால் அது அலுமினியம். அதை விட்டுவிடவேண்டும்.

யார் வாங்குவது?

இவ்வளவையும் கேட்ட பிறகு தோழர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாஞ் சரி மச்சான், ஆர் வாங்கிறது?"

நியாயமான கேள்வி. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது இறக்குமதியாகும் கருவிகள் எல்லாவற்றினதும் விலை எகிறியது. அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை ஒரே இரவில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பிறகு அது குறைக்கப்பட்டாலும், அந்த மாதங்களில் பட்ட கடனை இன்றும் இறுக்கிக்கொண்டிருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவரிடம் சென்று, வருடத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தேவைப்படாத ஒரு கருவிக்குப் பல ஆயிரம் ரூபாவைச் செலவிடுங்கள் என்று சொல்வதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது? மலிவான குறடு விற்பனையாவது மக்களின் அறியாமையினால் அல்ல. கையிலுள்ள பணத்துக்கு அதுதான் கட்டுப்படியாகிறது.

ஆனால், தேவையில்லாத கணக்கு ஒன்றை நாம் போடுகிறோம் என்பதே எனது அபிப்பிராயம். ஒரு படகுக்கு ஒரு குறடு என்று ஏன் கணக்குப் போடவேண்டும்? ஒவ்வொரு கரையிலும் ஒரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஒரு நல்ல ரச்செற் குறடும் மாற்று அச்சுக்களும் 9,000 ரூபாவாகின்றன என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 30 படகுகள் உள்ள சங்கத்தில் ஒரு படகுக்கு 300 ரூபா. நான் வாங்கிக் கொடுத்த உதவாத குறட்டின் விலையை விடவும் அது குறைவு. மீதமாகும் பணத்தில் நல்ல லக்குகளை வாங்கலாம். தனித்தனியாக மலிவானதை முப்பது பேர் வாங்குவதைவிட, சேர்ந்து நல்லதை ஒன்று வாங்குவது செலவிலும் குறைவு.

இங்கு இன்னொரு விடயத்தையும் மனந்திறந்து சொல்லவேண்டியிருக்கிறது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு எமது கரைகளுக்குப் படகுகள் வந்து குவிந்தன. அவற்றில் கடலுக்குத் தகுதியில்லாத தரங்குறைந்த படகுகளும் இருந்தன. போர் முடிவுற்ற 2009 க்குப் பிறகு இயந்திரங்களும் வலைகளும் வந்தன. அரசாங்கமும் கொடுத்தது, தொண்டு நிறுவனங்களும் கொடுத்தன, வெளிநாடுகளில் வாழும் எமது உறவுகளும் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் மனதை நான் சந்தேகிக்கவில்லை. கையளிப்பு வைபவங்கள் பலவற்றுக்குச் செய்தியாளனாகப் போயிருக்கிறேன். படகைக் கொடுப்பது படத்தில் நன்றாக விழும். இயந்திரத்தைக் கொடுப்பதும் அப்படியே. குறட்டைக் கொடுக்கும் படம் ஒன்றை எந்தப் பத்திரிகையும் பிரசுரித்ததாக எனக்கு நினைவில்லை. நானும் அப்படியொரு செய்தியை எழுதியதில்லை. கொடுத்த பொருளைப் பராமரிக்கின்ற கருவியையும் அதைக் கையாளும் பயிற்சியையும் கொடுப்பதற்கு எவரும் முன்வராததில் எமது தொழிலுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது.

காரைநகரில் நோர்வேயின் உதவியுடன் இயங்கிய சீநோர் படகுத்தளத்தில் எமது இளைஞர்கள் கண்ணாடியிழைப் படகு கட்டிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் கைகளுக்கு வாரிசுகள் இல்லாமல் போய்விடவில்லை. தோழரின் மகன் அரை மணித்தியாலத்தில் நெரிக்கப் பழகிக்கொண்டான். ஒரு சங்கத்தில் அவனைப் போன்ற இரண்டு இளைஞர்கள் பழகினாலே போதும். குறடு அவர்களின் பொறுப்பில் இருக்கட்டும். உப்புக்காற்றுப் படாமல், எண்ணெய் பூசி, பெட்டியில் வைத்துக் கொடுக்கட்டும்.

வெளிநாடுகளில் வாழும் வாசகர்களில் சிலர் ஊருக்கு வரும்போது எதையாவது கொண்டுவர விரும்புவார்கள். அவர்களிடம் நான் பணிவாகக் கேட்பது, ஒரு சங்கத்துக்கு ஒரு நல்ல குறடு. வாங்குவதற்கு முன்னர் அந்தக் கரையில் எந்த அளவு வயரைப் பாவிக்கிறார்கள், எந்த வகை லக் அங்கே கிடைக்கிறது என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் வாங்கினேன். அதன் பலனை நான் அனுபவிக்கவில்லை; கடலில் இருந்த இரண்டு பேர் அனுபவித்தார்கள்.

இது சிறிய விடயம் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். கடலில் மோதலைத் தடுப்பதற்கான 1972 ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள், சூரிய அஸ்தமனம் முதல் உதயம்வரை கலங்கள் விளக்குக் காட்டவேண்டும் என்கின்றன. அரசாங்கங்கள் கைச்சாத்திடுகின்ற அத்தகைய விதிகள் எல்லாம் கடைசியில் ஒரு லக்கின் பிடிமானத்தில்தான் தங்கியிருக்கின்றன. வடக்குக் கடலின் பெரிய பிரச்சினைகள் கொழும்பிலும் புதுடில்லியிலும் பேசப்படுகின்றன. அவை எப்போது தீரும் என்று ஆரூடம் கூற என்னால் முடியவில்லை. ஆனால், தீரும்வரையில் எமது படகுகளின் விளக்குகள் அணையாமல் இருப்பதற்கு எவருடைய அனுமதியையும் எதிர்பார்த்துக் காத்திருக்கவேண்டியதில்லை.

கடந்த வாரம் தோழரின் படகு வயர்கள் அனைத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, இரவல் வாங்கிய ஒரு ரச்செற் குறட்டினால் புதிதாக இணைத்தோம். ஒவ்வொரு வயரிலும் ஒரு மாதிரி இணைப்பைச் செய்து தண்ணீர்க் கலனைத் தொங்கவிட்டுப் பார்த்தோம். எல்லாம் நின்றன. எனது பழைய குறட்டை எறியப் போனபோது தோழரின் மகன் தடுத்துவிட்டான். வயரை வெட்டுவதற்கு அது உதவும் என்றான். நெரிப்பதற்கு மாத்திரம் அதை எடுக்கக்கூடாது என்று அவனிடம் சொல்லி, அதன் கைப்பிடியில் சிவப்பு ஒட்டுநாடாவைச் சுற்றிவிட்டு வந்தேன். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் புதிய குறடு வாங்குவது பற்றிப் பேசுவதற்குத் தோழர் இணங்கியிருக்கிறார். முதல் 300 ரூபாவை நான் கொடுத்திருக்கிறேன்.